எட்டாம் வகுப்புக்குக் கிரேக்கப் புராணம்: எங்கிருந்து தொடங்குவது?

கரும்பலகை
செவ்வாய், இரவு 9.40

எட்டாம் வகுப்புக்குப் பண்டைய கிரேக்கம் பற்றி எடுக்க இந்த ஆண்டு ஆறு பாடவேளைகள் கிடைத்திருக்கின்றன. நாற்பத்திரண்டு பிள்ளைகள். சென்ற ஆண்டு ஒலிம்பஸ் மலையின் பன்னிரண்டு கடவுளரையும் அட்டவணையாகப் போட்டுத் தொடங்கினேன். ஸீயஸ், இடி. பொசைடன், கடல். ஏதீனா, அறிவும் போரும். எல்லோரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், தேர்விலும் அப்படியே எழுதினார்கள். ஒரு மாதம் கழித்து ஒரு பையனிடம், "அதில் உனக்கு யாரைப் பிடித்தது?" என்று கேட்டேன். ஒரு பெயர்கூட அவனுக்கு நினைவில்லை. அவனைக் குறை சொல்ல முடியாது. கதையே கேட்காதவனுக்கு யாரைப் பிடிக்கும்?

கடவுளர், புராணம், வீரம் பற்றிய கிரேக்கர்களின் எண்ணம் ஆகிய மூன்றையும் தொட வேண்டும். கடைசியில் உள்ளதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஹீரோ என்றால் நல்லவன், கடைசியில் ஜெயிப்பவன் என்றுதான் பிள்ளைகள் நினைத்திருக்கிறார்கள். கிரேக்கக் கதைகளில் இரண்டுக்குமே உறுதி கிடையாது. பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் இதை எப்படிக் கொண்டுபோவது? கடவுளரைப் பற்றி முதலில் சொல்வதா, மனிதர்களைப் பற்றியா? வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


நூலகப் படிக்கட்டு
செவ்வாய், இரவு 10.25

டீச்சர், அட்டவணையை மூடி வைத்துவிட்டு, ஹோமர் பாடிய ட்ராய் போர்க் காவியமான இலியட்டின் ஆறாம் காண்டத்தில் தொடங்குங்கள். முப்பது ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட நல்ல வாசல் கிடையாது.

ட்ராய் நகரம் முற்றுகையில் இருக்கிறது. பத்தாவது ஆண்டு. நகரத்தைக் காக்கும் ஹெக்டர் போர்க்களத்திலிருந்து சிறிது நேரம் உள்ளே வருகிறான். மனைவி ஆண்ட்ரோமகி கோட்டை வாயிலருகே அவனைக் கண்டுவிடுகிறாள். பின்னால் தாதியின் இடுப்பில் கைக்குழந்தை. ஆண்ட்ரோமகியின் தகப்பனையும் ஏழு அண்ணன் தம்பிகளையும் கிரேக்கப் படையின் பெருவீரன் அக்கிலிஸ் கொன்றிருக்கிறான். "எனக்கு அப்பாவும் நீதான், அம்மாவும் நீதான், உடன்பிறந்தவனும் நீதான், கணவனும் நீதான்" என்கிறாள். அழுவதோடு அவள் நிற்கவில்லை, யோசனையும் சொல்கிறாள்: அத்திமரத்தின் பக்கம் மதிலில் ஏறுவது எளிது, படையை அங்கே நிறுத்து, நீ வெளியே போகாதே.

ஹெக்டர் மறுக்கிறான். ஊரார் முன்னால் தலைகுனிய என்னால் ஆகாது என்கிறான். ட்ராய் ஒருநாள் அழியும் என்று தன் மனதுக்குத் தெரியும் என்றும் அவனே சொல்கிறான். பிறகு குழந்தையை வாங்கக் கை நீட்டுகிறான். குழந்தை வீறிட்டுத் தாதியின் மார்பில் ஒளிந்துகொள்கிறது. தலைக்கவசத்தின் உச்சியில் ஆடுகிற குதிரைமயிர்க் கொத்தைக் கண்டு பயம். அப்பனும் தாயும் சிரித்துவிடுகிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைக்கிறான். அது அங்கே பளபளத்துக்கொண்டு கிடக்கிறது. அதன் பிறகுதான் குழந்தை அவனிடம் வருகிறது.

இந்த ஒரு காட்சியை நிறுத்திப் படியுங்கள். ஒரே மனிதன் ஊருக்கு வீரன், குழந்தைக்குப் பயங்கரம். கவசத்தைக் கழற்றினால் தகப்பன், திரும்பப் போட்டுக்கொண்டால் சாகப் போகிறவன். வீரம் என்பதைப் பற்றி நீங்கள் கேட்க நினைத்த கேள்வியெல்லாம் அந்தத் தரையில் கிடக்கிற கவசத்தில் இருக்கிறது.


அரிச்சுவடி
புதன், காலை 6.50

காட்சி அருமை, மறுக்கவில்லை. ஆனால் கடவுளரை விட்டுவிட்டு இலியட்டை எடுத்தால் பிள்ளைகள் இரண்டாம் பாடவேளையிலேயே தடுமாறுவார்கள். அக்கிலிஸுக்கும் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானுக்கும் சண்டை தொடங்குவதே அப்பல்லோ அனுப்பிய கொள்ளை நோயில். கோபத்தில் வாளை உருவப் போன அக்கிலிஸின் தலைமயிரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து நிறுத்துகிறவள் ஏதீனா. மற்றவர் யார் கண்ணுக்கும் அவள் தெரிவதில்லை. "அது தெய்வமா, அவன் மனசா?" என்று பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். இரண்டும்தான் என்பது என் பதில்.

பன்னிரண்டு பேரும் வேண்டாம். ஸீயஸ், அவன் மனைவி ஹீரா, ஏதீனா, அப்பல்லோ, பொசைடன் போதும். பதவிப் பட்டியலாக இல்லாமல் குடும்பமாகச் சொல்லுங்கள். தகப்பன் க்ரோனஸை வீழ்த்திய பிறகு மூன்று சகோதரர்களும் சீட்டுக் குலுக்கிப் பாகம் பிரித்துக்கொண்டார்கள்: ஸீயஸுக்கு வானம், பொசைடனுக்குக் கடல், ஹேடிஸுக்குப் பாதாளம். பூமியும் ஒலிம்பஸ் மலையும் பொதுச்சொத்து. இலியட்டின் பதினைந்தாம் காண்டத்தில் பொசைடனே இதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிறான், "என் பாகத்தில் அவன் ஏன் அதிகாரம் செலுத்துகிறான்?" என்று. பாகப்பிரிவினை பார்க்காத வீடு உங்கள் வகுப்பில் எத்தனை இருக்கும்?

இந்தக் கடவுளர் ஒழுக்கத்துக்கு முன்மாதிரிகள் அல்லர் என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வல்லமைகள். கடல் நல்லதா கெட்டதா என்று யாரும் கேட்பதில்லை, எச்சரிக்கையாக இருக்கிறோம், மரியாதை செய்கிறோம். கிரேக்கன் பொசைடனுக்குப் பலி கொடுத்ததும் அப்படித்தான். இன்னொன்று, அவர்களுக்குச் சாவு கிடையாது. அதனால் அவர்களுடைய சண்டை எத்தனை பெரிதானாலும் விருந்தில் முடிந்துவிடும். மனிதனுக்கு அந்த வசதி இல்லை. ஹெக்டரின் கவசம் ஏன் மனதைப் பிசைகிறது என்பது இந்த வேறுபாடு தெரிந்தவனுக்குத்தான் முழுதாகப் புரியும்.


கல்வெட்டு வாசகன்
புதன், காலை 11.15

சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஹீரோ என்பதற்கு 'நாயகன்' என்று போடாதீர்கள். சினிமாதான் நினைவுக்கு வரும்.

ஹோமரிடம் 'ஹீரோஸ்' என்பது போர்க்குடியில் பிறந்த ஆண்மகன் என்ற அளவில் நிற்கிறது. பிற்காலக் கிரேக்க ஊர்களில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருள் உறுதிப்பட்டது: இறந்த பிறகு கல்லறையில் படையல் பெறுகிறவன். கடவுள் இல்லை, சாதாரணப் பிணமும் இல்லை. அவனுடைய எலும்பு இருக்கும் மண்ணுக்குக் காவல் உண்டு என்று நம்பினார்கள். கி.மு. 475 வாக்கில் ஏதென்ஸின் தளபதி கிமோன் ஸ்கைரோஸ் தீவிலிருந்து, அந்த ஊரின் பழைய வீரன் தீசியஸின் எலும்புகள் என்று சொல்லப்பட்டவற்றைக் கொண்டுவந்தபோது ஊரே திரண்டு வரவேற்றது.

நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க ஒரே சொல் போதும். நடுகல். "கல்லே பரவின் அல்லது நெல் உகுத்துப் பரவும் கடவுளும் இலவே" என்று புறநானூற்றில் மாங்குடி கிழார் பாடுவதும் இதே வகை வழிபாடுதான். ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டு சமூகங்கள் போரில் விழுந்தவனை என்ன செய்வது என்று தனித்தனியே யோசித்து அருகருகே வந்து நின்றிருக்கின்றன.

அந்த வழிபாட்டுக்கு நல்லவனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. இதை வகுப்பில் சொல்ல வேண்டாம், உங்களுக்காகச் சொல்கிறேன். அஸ்டிபலேயா தீவைச் சேர்ந்த கிளியோமிடீஸ் என்ற குத்துச்சண்டை வீரன் ஒலிம்பியாவில் எதிராளியைக் கொன்றதால் பரிசை இழந்தான். சித்தம் கலங்கி ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைத் தாங்கிய தூணை இழுத்துச் சாய்த்தான். உள்ளே அறுபது பிள்ளைகள். ஊரார் கல்லோடு துரத்த, ஏதீனா கோயிலில் ஒரு பெட்டிக்குள் புகுந்து மூடிக்கொண்டான். உடைத்துப் பார்த்தால் ஆளில்லை. டெல்ஃபியில் குறி கேட்டார்கள். "அவன் வீரர்களில் கடைசியானவன், பலி கொடுத்து வணங்குங்கள்" என்று வந்தது. கிரேக்கப் பயண எழுத்தாளர் பாசேனியஸ் எழுதி வைத்திருக்கிறார். இதைப் படித்த நாள் முதல் கிரேக்க வீரனை நன்மையின் அளவுகோலால் அளப்பதை விட்டுவிட்டேன். அளவை மீறிய ஆற்றல் ஒருவனிடம் இருந்தது, அது ஆக்கியது, அழித்தது, செத்த பிறகும் அடங்கவில்லை. அதற்குத்தான் பயந்து படைத்தார்கள்.

ஸீயஸை இந்திரன் என்றும் ஹேடிஸை எமன் என்றும் பொருத்தும் வேலையை மட்டும் முதல் வாரத்தில் செய்யாதீர்கள். பெயரின் வேரைப் பார்த்தால் ஸீயஸுக்கு உறவு இந்திரன் அல்லன், வேதத்தில் வரும் த்யௌஸ். பொருத்திவிட்டோம் என்ற திருப்தியில் பிள்ளைகள் கவனிப்பதை நிறுத்திவிடுவார்கள்.


கரும்பலகை
வெள்ளி, மாலை 5.30

அனைவருக்கும் நன்றி. இரண்டு வகுப்புகள் முடிந்தன. முதல் நாள் சீட்டுக் குலுக்கல். மூன்று துண்டுத் தாள், ஒரு சில்வர் டம்ளர், மூன்று பிள்ளைகள். பாதாளம் கிடைத்தவள், "டீச்சர், இது நியாயமில்லை, மறுபடி குலுக்குங்கள்" என்றாள். பொசைடனின் புகாரை அதன் பிறகு நான் விளக்கவே தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் என் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை வகுப்புக்கு எடுத்துப் போனேன். அதன் உச்சியில் விளக்குமாற்றுக் குச்சிகளைக் கொத்தாகக் கட்டியிருந்தேன். மாட்டிக்கொண்டு ஹெக்டரின் பேச்சைப் படித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். குழந்தை அழும் இடத்தில் நின்றேன். கழற்றி மேசைமேல் வைக்காமல் தரையில் வைத்தேன். மகனுக்காக ஹெக்டர் வேண்டிக்கொள்வதைப் படித்தேன். "இவன் தகப்பனைவிடச் சிறந்தவன் என்று ஊர் சொல்லட்டும்." ஹெக்டர் களத்துக்குப் போனதும், அவன் உயிரோடு இருக்கும்போதே வீட்டுப் பெண்கள் அவனுக்காக ஒப்பாரி வைக்கிறார்கள் என்று முடித்தேன். மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் குனிந்து அந்த ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டி என் கையில் கொடுத்தாள்.

அடுத்த நாளே கடினமான கேள்வி வந்தது. இருபத்திரண்டாம் காண்டத்தில் அக்கிலிஸ் நெருங்கியதும் ஹெக்டர் ஓடுகிறான். ட்ராய் மதிலைச் சுற்றி மூன்று முறை. "பயந்து ஓடுகிறவன் எப்படி வீரன்?" என்று பின்வரிசை முழுக்கக் கேட்டது. என்ன சொல்வது?


நூலகப் படிக்கட்டு
வெள்ளி, இரவு 8.05

ஓடுவதை மறைக்காதீர்கள். ஹோமரே மறைக்கவில்லை. ஓடும் வழியில் என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். இரண்டு ஊற்றுகள், ஒன்றில் வெந்நீர், ஒன்றில் பனிபோல் குளிர்ந்த நீர். பக்கத்தில் கல் தொட்டிகள். கிரேக்கப் படை வருவதற்கு முன், அமைதிக் காலத்தில், ட்ராய் நகரத்துப் பெண்கள் அங்கேதான் துணி துவைத்தார்கள். உயிருக்கு ஓடுகிற ஒருவனைப் பாடும் புலவன் துவைக்கிற கல்லை நின்று பார்க்கிறான். வீட்டில் ஆண்ட்ரோமகி தறியில் இருக்கிறாள். களத்திலிருந்து வருகிறவன் குளிப்பதற்கு வெந்நீர் போடச் சொல்லியிருக்கிறாள். மதிலுக்கு வெளியே நடப்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

ஹெக்டர் நிற்பதும் ஒரு ஏமாற்றத்தால்தான். தம்பி டெயிஃபோபஸின் உருவத்தில் ஏதீனா வந்து, இருவரும் சேர்ந்து எதிர்ப்போம் என்கிறாள். எறிந்த ஈட்டி அக்கிலிஸின் கேடயத்தில் பட்டுத் தெறித்துப் போய், இன்னொன்று கேட்டுத் திரும்பினால் தம்பி இல்லை. அப்போதுதான் அவனுக்கு எல்லாம் புரிகிறது. புரிந்த பிறகு ஓடவில்லை, வாளை உருவிக்கொண்டு பாய்கிறான். பயமே இல்லாதவனைப் பற்றி ஹோமர் பாடவில்லை, டீச்சர். பின்வரிசையிடம் அந்த இரண்டு நிமிடத்தையும் படித்துக் காட்டிவிட்டு அதே கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்.


இரு பிள்ளைகளின் தாய்
சனி, காலை 9.20

ஒரு பெற்றோராகக் கேட்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மகளுக்கும் பதின்மூன்று வயது. அக்கிலிஸுக்கும் அகமெம்னானுக்கும் சண்டையே சிறைபிடித்த ஒரு பெண்ணை யார் வைத்துக்கொள்வது என்பதில்தானே? ஸீயஸ் பெண்களைத் தூக்கிப் போகும் கதைகள் வேறு. இதையெல்லாம் வீரம் என்ற தலைப்பில் பிள்ளைகள் படித்தால் என்ன ஆகும்? மழுப்பிச் சொன்னால் பொய். அப்படியே சொன்னால் அந்த வயதுக்குப் பாரம்.


அரிச்சுவடி
சனி, பகல் 12.10

அம்மா, நீங்கள் கேட்பதுதான் இந்த இழையின் மிக நியாயமான கேள்வி. ஸீயஸின் கதைகளில் பலவற்றைப் பெரிய வகுப்புக்குத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து. எட்டாம் வகுப்புக்கு அவை இல்லாமல் ஒன்றும் குறையாது.

ஆனால் நீங்கள் சொன்ன அந்தச் சிறைபிடிக்கப்பட்ட பெண் பிரைசீஸைத் தள்ள முடியாது. அவளை 'தோழி' என்றோ 'பரிசு' என்றோ மாற்றிச் சொல்லும் சிறுவர் பதிப்புகள்தான் உண்மையில் தீங்கு செய்கின்றன. போரில் பிடிபட்டு அடிமையாக்கப்பட்டவள் என்று நேராகச் சொல்லலாம், அந்த வயதுக்கு அது புரியும். அதோடு அவள் பேசுவதையும் படிக்க வேண்டும். பத்தொன்பதாம் காண்டத்தில், அக்கிலிஸின் நண்பன் பட்ரோக்ளஸின் உடலைப் பார்த்து அழும்போதுதான் முதன்முதலாக அவள் குரல் கேட்கிறது. தன் கணவன் ஊருக்கு முன்னால் வெட்டுண்டு கிடந்தது, உடன்பிறந்த மூவரும் இறந்தது, அப்போது தன்னிடம் கனிவாகப் பேசியவன் பட்ரோக்ளஸ் ஒருவன்தான் என்பது எல்லாம் அந்த ஒப்பாரியில் இருக்கிறது. சுற்றி நின்ற பெண்கள் பட்ரோக்ளஸைச் சாக்கிட்டு அவரவர் துயரத்துக்கு அழுதார்கள் என்கிறான் ஹோமர். வீரத்தின் விலையை யார் கொடுத்தார்கள் என்று அந்தக் காவியத்துக்குத் தெரியும்.


மூன்றாம் பெஞ்ச்
சனி, மாலை 4.45

கல்லூரியில் படிக்கிறேன். பிள்ளைகளின் பக்கம் நின்று ஒன்று சொல்லலாமா? எனக்குக் கிரேக்கப் புராணம் பிடித்துப் போனது ஹெர்குலிஸால். ஒன்பது தலைப் பாம்பு, நெமியா சிங்கம், மூன்று தலை நாய். எல்லோரும் அழுகையிலேயே தொடங்க வேண்டுமா? பன்னிரண்டு சாகசங்களையும் படம் வரைய விடுங்கள், வகுப்பு துள்ளும்.


கல்வெட்டு வாசகன்
சனி, இரவு 7.30

தம்பி, படம் வரையட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பன்னிரண்டு வேலைகளும் எதற்காக என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? ஹீரா ஏவிய பித்தில் ஹேராக்ளீஸ் (ஹெர்குலிஸின் கிரேக்கப் பெயர்) தன் பிள்ளைகளைத் தன் கையாலேயே கொன்றான். தெளிந்து பார்த்தபோது என்ன செய்தோம் என்று தெரிந்தது. அந்தப் பழி கழியத்தான், தன்னைவிடத் தாழ்ந்தவனான அரசன் யூரிஸ்தியஸுக்கு ஏவல் செய்தான். சிங்கத்தைக் கொன்றது சாகசத்துக்காக அல்ல, தண்டனையாக. கிரேக்க நாடகாசிரியர் யூரிபிடீஸின் நாடகத்தில் வரிசை மாறுகிறது: வேலைகளெல்லாம் முடித்து வீடு திரும்பிய பிறகுதான் பித்தும் கொலையும். அங்கே அவன் சாக முடிவெடுக்கும்போது நண்பன் தீசியஸ் வந்து, தீட்டு ஒட்டும் என்று அஞ்சாமல் கையைப் பிடித்து ஏதென்ஸுக்கு அழைத்துப் போகிறான். பாம்பின் ஒன்பது தலைகளை வெட்டியதைவிட, அன்று எழுந்து நடந்தது பெரிய வேலை என்று எனக்குத் தோன்றும். பன்னிரண்டு படங்களோடு பதின்மூன்றாவதாக அதையும் வரையச் சொல்லுங்கள்.


மூன்றாம் பெஞ்ச்
சனி, இரவு 7.52

இது எனக்குத் தெரியாது. யாரும் சொன்னதில்லை. அந்த நாடகத்தைத் தேடிப் படிக்கிறேன், ஐயா.


கரும்பலகை
செவ்வாய், இரவு 9.10

நான்காம் பாடவேளையில் புகழ் பற்றி எடுத்தேன். அக்கிலிஸுக்கு இரண்டு விதிகள். ட்ராயில் நின்று போரிட்டால் இளமையில் சாவு, அழியாத 'க்ளியோஸ்'. வீடு திரும்பினால் நீண்ட ஆயுள், பெயர் மறைந்துவிடும். அந்தச் சொல்லின் அடிப்பொருள் 'காதில் விழுவது'. அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்டேன். 'புகழ்', 'பேர்' என்றார்கள். ஒருத்தி யோசித்து, "ஈதல் இசைபட வாழ்தல் என்று வருகிறதே, அந்த இசையா டீச்சர்?" என்றாள். அதுவேதான். காதில் விழும் ஒலிக்கும் புகழுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும் மொழியில் பாடம் நடத்துகிறேன் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

இரண்டில் எதைத் தேர்வீர்கள் என்று கை தூக்கச் சொன்னேன். ஏறத்தாழப் பாதிப் பாதி. அதன் பிறகு ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் பதினோராம் காண்டத்தைப் படித்தேன். பாதாளத்தில், ட்ராயில் உடன் போரிட்ட ஒடிசியஸ் அக்கிலிஸைப் பார்த்து, நீ இங்கேயும் அரசன்தானே என்று தேற்றுகிறான். இறந்தவர் அனைவருக்கும் அரசனாக இருப்பதைவிட, நிலமில்லாத ஓர் ஏழையிடம் கூலியாளாக உயிரோடு இருப்பேன் என்கிறான் அக்கிலிஸ். மறுபடி கை தூக்கச் சொல்லலாமா என்று நினைத்தேன். பிள்ளைகள் தங்களுக்குள் வாதாடத் தொடங்கிவிட்டதால் விட்டுவிட்டேன்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒருவனையும் வகுப்புக்குக் கொண்டுவந்தேன். இலியட்டின் இரண்டாம் காண்டத்தின் தெர்சிடீஸ். வளைந்த கால், ஒரு காலில் ஊனம், கூனல் தோள். படையில் பேசக் கூடாத இடத்தில் எழுந்து நின்று அகமெம்னானைக் கேட்கிறான்: உன் கூடாரம் நிறைய வெண்கலமும் பெண்களும் இருக்கின்றன, இன்னும் என்ன வேண்டும்? நாம் ஊருக்குப் போவோம், இவன் இங்கேயே தன் கொள்ளையோடு கிடக்கட்டும். ஒடிசியஸ் செங்கோலால் அவன் முதுகில் அடிக்கிறான். தடித்து ரத்தம் கட்டுகிறது. அவன் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உட்காருகிறான், மற்ற வீரர்கள் சிரிக்கிறார்கள்.

என் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு பெயரும் நினைவில்லாத அந்தப் பையனின் தம்பி இந்த வகுப்பில் இருக்கிறான். அவன் கேட்டான்: "அக்கிலிஸும் இதையேதானே சொன்னார்? அவரை ஏன் யாரும் அடிக்கவில்லை?"


அரிச்சுவடி
செவ்வாய், இரவு 9.48

அந்தக் கேள்விக்காகவே ஒரு பாடவேளையை ஒதுக்கலாம், டீச்சர். முதல் காண்டத்தில் அக்கிலிஸ் பேசுவதையும் தெர்சிடீஸ் பேசுவதையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதிப் போடுங்கள். குலமும் உடலும் இல்லாதவனுக்கு அதே சொல் ஏன் குற்றமாகிறது என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

போகிற போக்கில் ஒன்று. அக்கிலிஸின் குதிகாலில் பாய்ந்த அம்பு, ட்ராயை வீழ்த்திய மரக்குதிரை இரண்டும் இலியட்டில் இல்லை. குதிரை ஒடிசியில் வருகிறது. குழந்தை அக்கிலிஸைப் பாதாளத்து ஸ்டிக்ஸ் ஆற்றில் தாய் முக்கியெடுத்த கதை நமக்கு ரோமானியப் புலவர் ஸ்டேஷியஸிடம், கி.பி. முதல் நூற்றாண்டில் கிடைக்கிறது. உலகத்துத் துன்பங்களையெல்லாம் திறந்துவிட்ட பண்டோராவிடம் இருந்ததும் பெட்டி இல்லை, பெரிய சாடி. பதினாறாம் நூற்றாண்டில் எராஸ்மஸின் லத்தீனில் அது பெட்டியாகிவிட்டது. ஹோமரின் அக்கிலிஸுக்கு மந்திரக் காப்பு எதுவும் கிடையாது. உடம்பெல்லாம் சாகக்கூடியவன், அது தெரிந்தே களத்துக்குப் போகிறான்.


கரும்பலகை
வெள்ளி, இரவு 8.35

கடைசி வகுப்பு இன்று. இருபத்து நான்காம் காண்டம். ஹெக்டரின் தகப்பன், கிழவன் பிரியாம், மகனின் உடலைக் கேட்டு இரவில் எதிரியின் முகாமுக்குள் வந்து, அக்கிலிஸின் முழங்காலைப் பிடித்து, தன் பிள்ளைகளைக் கொன்ற அந்தக் கைகளை முத்தமிடுகிறான். உன் தகப்பனை நினைத்துப் பார் என்கிறான். இருவரும் அழுகிறார்கள், ஒருவன் மகனுக்காக, ஒருவன் தகப்பனுக்காகவும் பட்ரோக்ளஸுக்காகவும். ஹெக்டரின் உடலைத் தனியே கழுவச் சொல்கிறான் அக்கிலிஸ். அந்த நிலையில் பார்த்தால் கிழவன் கொதித்துவிடுவான், தானும் கை ஓங்கிவிடக்கூடும் என்று அவனுக்குத் தன்னைப் பற்றியே பயம். பிறகு இருவரும் சேர்ந்து சாப்பிடுகிறார்கள்.

இதைப் படித்தபோது நான் எதையும் விளக்கவில்லை. அக்கிலிஸ் எந்த இடத்தில் பெரியவனாகத் தெரிகிறான் என்று மட்டும் எழுதச் சொன்னேன். பலர் ஹெக்டரை வென்ற இடத்தை எழுதுவார்கள் என்று நினைத்திருந்தேன். முப்பத்தொரு தாள்களில் சாப்பாடு இருந்தது. ஒரு தாளில் ஒரே வரி: "கோபம் வரும் என்று தெரிந்து உடலை மறைவில் கழுவச் சொன்னது."

பதினொரு நாள் போர் நிறுத்தம், ஹெக்டரின் ஈமச் சடங்கு, அத்துடன் காவியம் முடிகிறது என்றதும், "அப்படியானால் பன்னிரண்டாம் நாள்?" என்று கேட்டார்கள். மறுபடி போர் என்றேன். அந்தக் குழந்தை என்ன ஆனான் என்று ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்த பெண் கேட்டாள். எனக்குத் தெரியும். வகுப்பு முடிய இரண்டு நிமிடம் இருந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். தலைமையாசிரியரிடம் இன்னும் ஒரு பாடவேளை கேட்டிருக்கிறேன்.